ஸ்கோர் புக்கில் இல்லாத ஆட்டம்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஆனி மாசக் கடைசி. வண்ணார்பேட்டையில பஸ்ஸை விட்டு இறங்கினதுமே மேகாத்து மூஞ்சியில மண்ணை வாரி அடிச்சுது. மேற்குக் காற்றுன்னு எழுதலாம், ஆனா எங்க திருநெல்வேலிக்காரங்களுக்கு அது மேகாத்துதான். குத்தாலத்துல சாரல் விழ ஆரம்பிச்சா எங்களுக்கு இங்க காத்து. மழை மலையோட நின்னுடும், காத்து மட்டும் செங்கோட்டைக் கணவாய் வழியா நுழைஞ்சு தென்காசி, ஆலங்குளம்னு இறங்கி ஊரையே ஆட்டும்.

சாயங்காலம் சும்மா இருக்க மாட்டாம பாளையங்கோட்டையில நான் படிச்ச காலேஜ் பக்கம் ஒரு நடை போனேன். (எந்தக் காலேஜுன்னு கேக்காதீங்க. காரணம் கடைசியில புரியும்.) பாஸ்கெட்பால் கோர்ட்ல பசங்க ஆடிட்டிருந்தாங்க. காலேஜ் தொறந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு, புது டீம். பத்து நிமிஷம் நின்னு பார்த்தேன். அடிச்ச ஷாட்ல முக்கால்வாசி ரிங்கைக்கூடத் தொடல. ஒருத்தன் பந்தை வாங்கினதும் மத்த நாலு பேரும் "எனக்கு, எனக்கு"ன்னு கையை நீட்டறான். ஒருத்தனும் உள்ள ஓட மாட்டேங்கறான். கடைசியில ஒரு பையன் கத்தினான் பாருங்க:

"நீ ஏம்ல அடிக்க? எனக்குத் தந்திருக்க வேண்டியதுதான?"

அப்படியே தூக்கி வாரிப் போட்டுச்சு. இதே கோர்ட்ல, இதே காத்துல, இதே வசனத்தை நான் 1994ல பேசியிருக்கேன். சரி, கொசுவத்தியைச் சுத்தியே ஆகணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன் :-)

ஆனா இது வெறும் மலரும் நினைவுகள் இல்லீங்க. ஒரு காலேஜ் டீம் சீசன் ஆரம்பத்துல ஏன் இப்படித் தடுமாறுது, யாருக்கு என்ன வேலைங்கறதுல ஏன் இவ்வளவு அடிதடி, ஷாட் ஏன் விழ மாட்டேங்குதுன்னு யோசிச்சா, அது அந்த விளையாட்டோட வரலாறு வரைக்கும் போகுது. கொஞ்சம் பொறுமையா வாங்க.

முதல்ல எங்க கதை. 94 ஜூன்ல எங்க டீம்ல மூணு சீனியர் படிப்பு முடிஞ்சு போயிட்டாங்க. மிச்சம் இருந்தது கேப்டன் அண்ணன், நான், ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருந்த ரெண்டு பேர் (ரெட்டையர்னு கூப்பிடுவோம்), அப்புறம் புதுசா சேர்ந்த ஒரு நெட்டையன். ஏரல் பக்கத்துக்காரன். ஸ்கூல்ல வாலிபால் ஆடினவன், பாஸ்கெட்பாலை அதுக்கு முன்னாடி சரியாத் தொட்டதுகூட கிடையாது. உயரத்தைப் பார்த்து எங்க பி.டி. சார் பிடிச்சுட்டு வந்துட்டார். அவனை சென்டர்னே கூப்பிடுவோம். இங்கயும் அப்படியே கூப்பிடறேன்.

நான்தான் ஷூட்டர். அதாவது நானா அப்படி நினைச்சுட்டிருந்தேன். பிரச்சினை என்னன்னா ரெட்டையர்ல ரெண்டு பேரும் தங்களை அப்படித்தான் நினைச்சாங்க. கேப்டன் அண்ணனுக்கும் உள்ளுக்குள்ள அந்த ஆசை உண்டு. அப்ப மூணு பாயிண்ட் கோடு வேற எங்களுக்குப் புது மோகம். உலகக் கூடைப்பந்து சங்கமான ஃபிபா அதை 1984ல கொண்டு வந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்ஸ்ல முதல் தடவையா அந்தக் கோட்டோட ஆடினாங்க. அப்ப தூரம் 6.25 மீட்டர் (இப்ப 6.75 ஆயிடுச்சு). கோட்டுக்கு வெளிய நின்னு ஒண்ணு போட்டா லேடீஸ் காலேஜ் வரைக்கும் பேர் போகும்னு நம்பின காலம் அது. போகல, அது வேற விஷயம்.

முதல் மூணு பிராக்டிஸ் மேட்ச்சும் தோல்வி. மூணாவது மேட்ச் ஒரு ஸ்கூல் டீமோட! வெளிய தலை காட்ட முடியல. பி.டி. சார் எங்களை வட்டமா உக்கார வச்சுக் கேட்டார்:

"ஏலே, எல்லாவனும் கல்யாண மாப்பிள்ளையாவே இருந்தா பந்தியில எலை போடறது யாருலே?"

யாரும் வாயத் தொறக்கல.

இந்தக் கேள்வி எங்க சார் கேட்டதுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே அந்த ஆட்டத்தோட கூடவே பொறந்தது. இனி வரலாறு.

1891 டிசம்பர். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம், ஸ்பிரிங்ஃபீல்ட். அங்க ஒய்.எம்.சி.ஏ. நடத்தின பயிற்சிப் பள்ளியில ஜேம்ஸ் நெய்ஸ்மித்னு கனடாவுல பொறந்த ஒரு வாத்தியார், வயசு 30. அவர்கிட்ட ஒரு அடங்காத வகுப்பு. பனிக்காலத்துல வெளிய விளையாட முடியாது, உள்ளயே உடற்பயிற்சி பண்ணிப் பண்ணிப் பசங்க வெறுத்துப் போயிருந்தாங்க. இவங்களுக்கு ஏதாவது புது ஆட்டம் கண்டுபிடின்னு மேலதிகாரி லூதர் குலிக் சொல்ல, நெய்ஸ்மித் 13 விதி எழுதி, பீச் பழக் கூடை ரெண்டை மாடிக் கைப்பிடியில ஆணி அடிச்சு மாட்டினார். அந்தக் கைப்பிடி தரையிலேர்ந்து 10 அடி உயரத்துல இருந்துச்சு. இன்னிக்கும் உலகம் பூரா ரிங் உயரம் அதே 10 அடி, அதாவது 3.05 மீட்டர். ஆடினது ஃபுட்பால் வச்சு.

வகுப்புல 18 பேர். அதனால ஒரு பக்கத்துக்கு 9 பேர். அவ்வளவுதான் கணக்கு, வேற எந்தத் தத்துவமும் கிடையாது. ஆனா அந்த 9 பேருக்கும் அவர் வேலையைப் பிரிச்சுக் கொடுத்தார் பாருங்க, அதுதான் விஷயம். ஒரு கோல்கீப்பர், ரெண்டு கார்டு, நடுவுல மூணு பேர், ஓரத்துல ரெண்டு விங், எதிராளி கூடைக்குக் கிட்ட ஒருத்தர். பந்தைத் தட்டிக்கிட்டு ஓடற டிரிப்ளிங் அந்த விதிகள்ல கிடையாது. பந்தைப் பிடிச்ச இடத்துலேயே நின்னு இன்னொருத்தனுக்குக் கொடுக்கணும். அதாவது பாஸ்கெட்பால் பொறக்கறப்பவே பங்கிட்டு ஆடற ஆட்டமாத்தான் பொறந்திருக்கு. ஒருத்தனே எல்லாத்தையும் செய்ய வழியே இல்ல.

அந்த முதல் ஆட்டத்தோட ஸ்கோர் என்ன தெரியுமா? 1-0. வில்லியம் சேஸ்ங்கறவர் 25 அடி தூரத்துலேர்ந்து போட்ட ஒரே ஒரு கூடை. அந்தப் பேரைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்பி வருவோம்.

அப்புறம் 1897 வாக்குல ஆள் எண்ணிக்கை அஞ்சுன்னு நிலைச்சுது. ஆள் குறையக் குறைய ஒரு ஆளுக்கு ரெண்டு மூணு வேலை. சண்டை ஆரம்பம். இதுல ஒரு சுவாரஸ்யமான விஷயம்: ரொம்ப நாள் வரைக்கும் அமெரிக்காவுல ஃபவுல் யார் மேல நடந்தாலும் ஃப்ரீ த்ரோ போட ஒரு டீம் ஒரே ஆளை வச்சுக்கலாம். அதுக்குன்னே ஒரு ஸ்பெஷலிஸ்ட்! 1924லதான் அடி வாங்கினவனே போடணும்னு மாத்தினாங்க. 'ரோல்'ங்கறது அந்த அளவுக்கு உறைஞ்சு போயிருந்த காலம்.

சரி, ஆட்டத்தைக் கண்டுபிடிச்சவரோட டீம் எப்படி ஆடியிருக்கும்? எல்லாரையும் துவைச்சுக் காயப் போட்டிருக்கும்னுதான நினைக்கறீங்க? நெய்ஸ்மித் 1898ல கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்க டீம் ஆரம்பிச்சார். 1899 பிப்ரவரி 3ஆம் தேதி முதல் மேட்ச், கான்சாஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ.வோட. 16-5னு தோல்வி! கண்டுபிடிச்சவரே முதல் மேட்ச்ல அவுட். ஆனா அந்த சீசன் முடியறப்ப 7 வெற்றி, 4 தோல்வின்னு தேறிட்டாங்க. அவர் இருந்த ஒன்பது சீசனையும் கூட்டினா 55 வெற்றி, 60 தோல்வி. கான்சாஸ் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துல பெரிய ஜாம்பவான். அந்த டீமோட கோச்கள்லயே வெற்றியை விடத் தோல்வி அதிகம் உள்ள ஒரே ஆள் நம்ம நெய்ஸ்மித்தான். சீசன் ஆரம்பத்துல தோத்துட்டு உக்கார்ந்திருக்கற எந்தக் காலேஜ் டீமும் இந்தக் கணக்கைச் சுவத்துல எழுதி வச்சுக்கலாம்.

இந்த ஆட்டம் நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சு? முதல் ஆட்டத்துல ஒரு அணிக்குக் கேப்டனா இருந்த டங்கன் பாட்டன் 1894லயே ஒய்.எம்.சி.ஏ. வேலையா இந்தியாவுக்கு வந்து இதை அறிமுகப்படுத்தினதாச் சொல்றாங்க. ஆனா நம்ம தமிழ்நாட்டுக் கதைக்கு முக்கியமான ஆள் ஹாரி க்ரோ பக். பென்சில்வேனியாக்காரர், அதே ஸ்பிரிங்ஃபீல்ட்ல படிச்சவர். 1919ல மெட்ராஸ் வந்து 1920ல ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்னிக்கு நந்தனத்துல இருக்கே, அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியோட மேனேஜரா போனவரும் இவர்தான். 1943ல மெட்ராஸ்லயே காலமானார்.

அங்க பயிற்சி எடுத்துட்டு வந்த பி.டி. மாஸ்டருங்கதான் தென்மாவட்டப் பள்ளி, கல்லூரியில எல்லாம் கம்பம் நட்டுப் பலகை மாட்டினது. பாளையங்கோட்டையைப் பத்திச் சொல்லவே வேண்டாம். 1878ல தூய யோவான் கல்லூரி, 1923ல தூய சவேரியார் கல்லூரி, பெண்களுக்கு சாராள் தக்கர் கல்லூரின்னு தடுக்கி விழுந்தா காலேஜ். தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டுன்னு சும்மாவா சொன்னாங்க. முதல்ல மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்குக் கீழ, 1966லேர்ந்து மதுரைக்குக் கீழ, 1990லேர்ந்து மனோன்மணியம் சுந்தரனாருக்குக் கீழ. பல்கலைக்கழகம் மாறினாலும் காலேஜுக்குக் காலேஜ் மோதிக்கிற ஆட்டம் மட்டும் மாறல. எங்க பி.டி. சாரும் அந்த நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.யில படிச்சவர்தான். ஸ்பிரிங்ஃபீல்ட்லேர்ந்து கிளம்பின சங்கிலி அப்படியே எங்க கோர்ட்ல வந்து முடியுது பாருங்க. அந்த 13 விதி எழுதின ஆளுக்கு வந்த தலைவலியும் கூடவே வந்து சேர்ந்துடுச்சு.

இனி ஷாட்டுக்கு வருவோம்.

இந்தியாவுல வெளிக்கோர்ட்டை வடக்கு தெற்காத்தான் போடுவாங்க. கிழக்கு மேற்காப் போட்டா காலையிலயும் சாயங்காலமும் வெயில் நேரா கண்ணுல அடிக்கும். சரியான ஏற்பாடுதான். ஆனா எங்க ஊர்ல ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் காத்து மேற்கேருந்து வருது. அப்ப என்ன ஆகும்? ரிங்கை நோக்கிப் போற பந்துக்குக் குறுக்கால காத்து. பந்து 600 கிராமுக்குக் கொஞ்சம் மேல, ஆனா அகலம் 24 சென்டிமீட்டர். நல்லாக் காத்து வாங்கும். ரிங் அகலம் 45 சென்டிமீட்டர்தான். அரை ஜாண் தள்ளிப் போனா முடிஞ்சுது கதை. கயத்தாறுல காத்தாடியைச் சுத்த வைக்கற காத்து ஒரு பந்தைத் தள்ளாதா?

பிரச்சினை என்னன்னா காலேஜ் தொறக்கறதும் ஜூன், காத்து ஆரம்பிக்கறதும் ஜூன். அதனால எங்க பக்கத்துல ஒவ்வொரு புது டீமும் முதல் ரெண்டு மாசம் தன்னோட ஷாட்டு போச்சுன்னு பயந்து சாகும். நானும் கையைத் திருப்பிப் பார்த்தேன், விரலை மாத்தினேன், ராத்திரி படுத்துக்கிட்டே சுவத்துல பந்து அடிச்சு ரூம் மேட்கிட்ட திட்டு வாங்கினேன். காத்தை மட்டும் யோசிக்கல. பொறந்ததுலேர்ந்து கூடவே இருக்கறதை யார் யோசிக்கறா?

வெளிக்கோர்ட் ஆட்டம்னா சும்மா இல்ல. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ்லதான் கூடைப்பந்து முதல் தடவையா பதக்க விளையாட்டா சேர்ந்துச்சு. அங்க எல்லா ஆட்டமும் வெளியிலதான், டென்னிஸ் கோர்ட் மண்ணுல. ஃபைனல் அன்னிக்கு மழை. தரை சேறாயிடுச்சு, பந்து எகிறவே இல்ல. அமெரிக்கா 19, கனடா 8. உலகத்தோட மிகச் சிறந்த ரெண்டு டீம் சேர்ந்து போட்ட மொத்தப் புள்ளி 27! அதை நெய்ஸ்மித் நேர்ல உக்கார்ந்து பார்த்தார். பாவம் மனுஷன். வெளிய ஆட முடியாதுன்னுதான உள்ளாற ஆடற ஆட்டமா அதைக் கண்டுபிடிச்சார்.

அதே 1936 டிசம்பர் 30ல இன்னொரு சம்பவம். நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல ஸ்டான்ஃபோர்ட் காலேஜ் டீமுக்கும் லாங் ஐலண்ட் டீமுக்கும் மேட்ச். லாங் ஐலண்ட் தொடர்ந்து 43 மேட்ச் ஜெயிச்சுட்டு வந்த டீம். அந்தக் காலத்துல பெரும்பாலும் ரெண்டு காலையும் ஊன்றி, ரெண்டு கையால நெஞ்சுலேர்ந்து தள்ளித்தான் ஷாட் போடுவாங்க. ஸ்டான்ஃபோர்டோட ஹேங்க் லூயிசெட்டி ஓடிக்கிட்டே ஒத்தைக் கையால போட்டார். 15 பாயிண்ட். ஸ்டான்ஃபோர்ட் 45-31னு ஜெயிச்சுது. அன்னிக்கு வரைக்கும் ஒத்தைக் கை ஷாட்டை மதிக்காத கோச்சுங்க வாயை மூடிக்கிட்டாங்க. இன்னிக்கு உலகம் பூரா போடற ஷாட்டுக்கு அதுதான் வழி திறந்து விட்டது.

எதுக்கு இதைச் சொல்றேன்னா, ஷாட்டுங்கறது ஏதோ பொறவியிலேயே வர்ற வரம் இல்ல. காலத்துக்கும் இடத்துக்கும் தக்கபடி மனுஷன் கண்டுபிடிச்சுக்கிட்டே வந்த விஷயம். எங்க சார் அதைத்தான் வேற பாஷையில சொன்னார்: "காத்தோட மல்லுக்கட்டாதீங்கலே. கிட்ட போய்ப் பலகையில அடிங்க."

சார் செஞ்சது ரெண்டு விஷயம். ஒண்ணு, ஆடி முடியற வரைக்கும் மூணு பாயிண்ட் கோட்டுக்கு வெளியேருந்து அடிக்கக் கூடாதுன்னுட்டார். கூடைக்கு 45 டிகிரி சாய்வுல, பத்துப் பன்னெண்டு அடிக்குள்ள வந்து பலகையில தட்டிப் போடணும். கிட்டக்க வந்தா காத்துக்கு வேலை செய்ய நேரம் இல்ல. ரெண்டாவது, ஆளுக்கு ஒரு வேலை. கேப்டன் அண்ணன் பந்தைக் கொண்டு வரணும். ரெட்டையர் ஓடி ஓடி இடம் பண்ணணும், ரீபவுண்டு பிடிக்கணும். நான் அடிக்கணும். சென்டர்?

சென்டருக்கு ஸ்க்ரீன். என்னைத் துரத்திட்டு வர்றவனுக்கு முன்னாடி தூண் மாதிரி போய் நிக்கணும். அவன் வந்து இவன் மேல மோதுவான். இவன் அசையக் கூடாது, அசைஞ்சா ஃபவுல். அந்த ஒரு நொடியில நான் தனியாப் போய் அடிச்சுடுவேன். கைதட்டல் எனக்கு. நெஞ்சுல முழங்கை இடி அவனுக்கு.

ரெட்டையர் ரெண்டு பேரும் ஒரு வாரம் சார்கூடப் பேசல. அவன் மட்டும் ஒரு வார்த்தை சொல்லல. "எங்க நிக்கணும் சார்?"னு கேட்டான். அவ்வளவுதான். நின்னான்.

அவனுக்கு ஷாட்டு வராது. ஃப்ரீ த்ரோ சுத்தமா வராது. சார் அவனுக்கு மட்டும் பழைய முறையைச் சொல்லிக் கொடுத்தார்: ரெண்டு கையாலயும் பந்தைக் கால் முட்டிக்கு நடுவுல பிடிச்சு, கீழேருந்து மேல தூக்கிப் போடறது. பார்க்கறதுக்குச் சிரிப்பா இருக்கும். ஆனா அதுல பந்து மெத்துனு போய் விழும். அமெரிக்காவுல ரிக் பேரின்னு ஒருத்தர் இப்படியே போட்டுத் தன் என்.பி.ஏ. காலம் பூரா பத்துக்கு ஒம்பது உள்ள போட்டவர். வில்ட் சேம்பர்லைன் 1962 மார்ச் 2ல ஒரே மேட்ச்ல 100 பாயிண்ட் எடுத்தாரே, அன்னிக்கு அவரோட ஃப்ரீ த்ரோவும் இதே மாதிரிதான், 32க்கு 28. அப்புறம் அந்த முறையையே விட்டுட்டார். பொம்பளைப் பிள்ளை மாதிரி போடறான்னு நினைப்பாங்களோன்னு வெக்கம்! 7 அடி 1 அங்குலம் உயரமான மனுஷனுக்கே வெக்கம் வந்துச்சு.

எங்க சென்டருக்கு வரல. அந்த வருஷம் ஒரு டோர்னமெண்ட் செமி ஃபைனல். கடைசி நிமிஷம், ஒரு பாயிண்ட் பின்னாடி இருக்கோம். அவனை அடிச்சுத் தள்ளி ரெண்டு ஃப்ரீ த்ரோ. காத்து அன்னிக்குப் பேய்க்காத்து. கோட்டுல நின்னு குனிஞ்சான். சுத்தி நின்ன கூட்டம் "இட்லிச் சட்டி எறக்குதாம்லே!"ன்னு கத்துது. நானே தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். ரெண்டும் உள்ள. சத்தமே இல்லாம உள்ள.

ஃபைனல்ல தோத்துட்டோம். அது போகட்டும். அந்த சீசனை மூணு தோல்வியோட ஆரம்பிச்ச டீமுக்கு ஃபைனலே பெரிசு.

இனிதான் நான் சொல்ல வந்தது. ஃபைனல் முடிஞ்சதும் ஒருத்தர் வந்தார். வெளியூர்ல ஒரு கம்பெனி டீமுக்கு ஆள் பார்க்க வந்திருந்தார். அப்ப எல்லாம் அப்படி ஒரு டீம்ல இடம் கிடைச்சா மாசா மாசம் உதவித்தொகை, நல்லா ஆடினா நிரந்தர வேலை. எங்களை மாதிரிக் குடும்பத்துக்கு அது லாட்டரி. அவர் ஸ்கோர் புக்கைப் புரட்டினார். பாஸ்கெட்பால் ஸ்கோர் ஷீட் பார்த்திருக்கீங்களா? யார் எத்தனை பாயிண்ட், யார் எத்தனை ஃபவுல், அவ்வளவுதான் இருக்கும். எங்க பக்கத்துல பாதிக்கு மேல என் நம்பர். சென்டர் நம்பருக்கு நேரா கொஞ்சம் பாயிண்ட், நிறைய ஃபவுல்.

என்னைக் கூப்பிட்டுப் பேசினார். பேசி முடிச்சுட்டு, போற போக்குல கேட்டார்: "உங்க சென்டர் பையன் எப்படிப்பா?"

"பரவால்ல சார். ஆனா பாயிண்ட் அடிக்க மாட்டான்"னு சொன்னேன்.

பொய் இல்ல. ஸ்கோர் புக்கும் அதைத்தான் சொல்லுச்சு. ஆனா என் பாயிண்ட் எல்லாம் யாரு முதுகுக்குப் பின்னால நின்னு அடிச்சதுன்னு எனக்குத் தெரியும். ஒரு இடம்தான் இருக்கோ என்னவோங்கற பயம். இருபது வயசுல அந்தப் பயம் பெரிசு. அவர் தலையாட்டிட்டுப் போயிட்டார். எனக்குக் கடிதம் வந்துச்சு. ரெண்டு வருஷம் ஆடினேன், வேலையும் கிடைச்சுது, இன்னிக்கு வரைக்கும் சோறு போடுது. அவன் டிகிரியை முடிச்சுட்டு ஊருக்குப் போயிட்டான்.

இதுக்குத்தான் வில்லியம் சேஸை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன். முதல் ஆட்டத்துல ஆடினது 18 பேர். ஆனா கூடை போட்ட சேஸ் பேரை மட்டும் 130 வருஷம் கழிச்சு நான் எழுதறேன், நீங்க படிக்கறீங்க. அவருக்குப் பந்தைக் கொடுத்தது யாரு? அந்தக் கேள்வியைக் கேக்க இந்த ஆட்டத்துக்கே ரொம்ப காலம் ஆச்சு. என்.பி.ஏ. தொடங்கின 1946லேர்ந்து அசிஸ்ட்டை எண்ணினாங்க. ரீபவுண்டு 1950ல. பந்தைப் பறிக்கறது, தடுக்கறது எல்லாம் 1973ல. ஸ்க்ரீன் நின்னு அதனால விழுந்த கூடைக்குன்னு என்.பி.ஏ. ஒரு கணக்குக் கொண்டு வந்தது எப்ப தெரியுமா? 2016ல!

எங்க சென்டர் செஞ்ச வேலைக்கு உலகத்துல ஒரு கட்டம் போட இருபத்திரண்டு வருஷம் பிந்திடுச்சு.

சீசன் ஆரம்பத்துல ஒவ்வொரு டீமும் அடிச்சுக்கறது இதுக்காகத்தான்னு இப்ப எனக்குத் தோணுது. பசங்களுக்குத் திமிருன்னு நாம சொல்றோம். திமிர் இல்ல, கணக்கு. எந்த வேலை புத்தகத்துல ஏறுதோ அந்த வேலையைத்தான் எல்லாரும் கேப்பான். ஏறாத வேலையை ஒருத்தன் ஏத்துக்கிட்டாத்தான் அஞ்சு பேர் ஒரு டீமா ஆகறாங்க. அப்படி ஏத்துக்கிட்டவனைப் பத்தி யாராவது கேட்டா, கூட ஆடினவன்தான் சாட்சி சொல்லணும். புத்தகம் சொல்லாது. அன்னிக்கு என்கிட்ட கேட்டாங்க. நான் சொல்லல.

போன வாரம் கோர்ட்டைப் பார்த்துட்டு வந்த மறுநாள் காலையில ஏரலுக்குப் பஸ் ஏறினேன். ஆத்தோரம் வாழைத் தோட்டத்துல இருந்தான். இந்தக் காத்துக்கு வாழை தாங்காது, குலை தள்ளின மரமெல்லாம் சாஞ்சுடும். கம்பு வச்சு முட்டுக் கொடுத்துட்டிருந்தான். முடி நரைச்சுடுச்சு, அதே உயரம். வரப்புல உக்கார்ந்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். அந்த ஆள் கேட்டது, நான் சொன்னது, எல்லாம்.

கொஞ்ச நேரம் ஆத்தைப் பார்த்துட்டிருந்தான். அப்புறம் சிரிச்சான். "பாயிண்ட் அடிக்க மாட்டேன்னுதானலே சொன்ன? சரியாத்தான சொல்லியிருக்க"ன்னான். அவன் மனசுல என்ன ஓடுச்சுன்னு எனக்குத் தெரியல. எழுந்திரிச்சு ஒரு கம்பை என் கையில கொடுத்தான்.

"இந்த மரத்தைக் கொஞ்சம் தாங்கிப் பிடி. அசையாத. நான் கட்டிக்கிடுதேன்."

மத்தியானம் வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மறுநாள் பூரா தோள்பட்டை வலி :-)

அடுத்த மாசம் அவனைக் கூட்டிக்கிட்டு அந்தக் கோர்ட்டுக்குப் போகலாம்னு இருக்கேன். புதுப் பசங்களுக்கு எங்க நிக்கணும்னு சொல்லிக் கொடுக்க என்னை விட அவன்தான் சரியான ஆள். வரேன்னு சொல்லியிருக்கான். காத்து அடங்கட்டும்னான்.